பென்சிலில் நிற்கும் பறவை

1

ஹமீது பாயின் கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி ஏறுவதற்குள் நின்று நின்று படித்து முடித்துவிட்டேன். மீட்டர் கோவிந்தன் தவறி இந்த மாசியோடு ஒரு வருடம் ஆகிறது, பங்குனிக் கடைசி ஞாயிறு எல்லோரும் கூடுகிறோம், அன்றைக்கு அவரைப் பற்றி ஒரு சின்ன மலர் சைக்ளோஸ்டைல் எடுத்துக் கொடுக்கப்போகிறோம், நீங்களும் எழுதி அனுப்புங்கள் என்று இருந்தது.

"அழற மாதிரி எழுதாதீங்க தம்பி. அதுக்கு வாத்தியார் இருக்கார். நீங்க அந்த நண்டுதின்னி கதைய எழுதுங்க. இருந்த வரைக்கும் மனுசன் நம்மள சிரிக்க வச்சாரு. அன்னைக்கும் எல்லாரும் சிரிச்சுட்டுப் போவட்டும்."

கதவைத் திறந்த வசந்தா, "யாரு லெட்டரு?" என்றாள்.

"ஹமீது பாய்."

"சித்தப்பா எப்படி இருக்காங்களாம்?"

"நல்லா இருக்காராம்."

பாய் 'வாத்தியார்' என்று எழுதியிருப்பது கலியபெருமாள் வாத்தியாரை. அவர் என் மனைவிக்குச் சொந்தச் சித்தப்பா. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

நண்டுதின்னிப் பறவையை மீட்டர் பார்த்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அந்தக் கொஞ்சத்தைப் பதினோரு வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. பாய் கேட்ட மாதிரி சிரிப்பு வருமா என்று தெரியவில்லை. வந்தால் சிரியுங்கள்.

2

மலரைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுபதுகளில் காரைக்காலில் எங்களைக் 'குருவி ஆபீஸ்' என்பார்கள். ஆபீஸ் என்று ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இட்லிக்கடையில் கூடுவோம். நான்கு பேர் நிச்சயம். மழை இல்லாவிட்டால் ஆறேழு பேர். அங்கிருந்து சைக்கிளில் அரசலாறு கடலில் சேருகிற இடம், இல்லாவிட்டால் திருநள்ளாற்றுப் பக்கம் அறுவடை முடிந்த வயல், அதுவும் இல்லாவிட்டால் கடல் தண்ணீர் ஏறி வடிகிற திருவேட்டக்குடிக் கழி. பத்து மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அது எங்கள் வீட்டுக்காரிகள் போட்ட சட்டம்.

ஹமீது பாய்க்குத் துணிக்கடை. அவர் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதன் வார் பாயின் கழுத்தை விட்டு இறங்காது. நமக்குப் பார்க்க வேண்டுமென்றால் அவர் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கலியபெருமாள் வாத்தியாரிடம் நீளமான ஒரு நோட்டு. பறவையின் பெயர், இடம், தேதி, பார்த்தவர்கள் என்று கோடு போட்டு வைத்திருப்பார்.

அந்த நோட்டுக்கு ஒரு விதி. இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் மையில் எழுதலாம். ஒருவர் மட்டும் பார்த்தது பென்சிலில் நிற்கும். பங்குனி முடிவில், வடக்கே இருந்து வந்த பறவைகள் திரும்பிப் போனபிறகு, கடைசி ஞாயிறன்று நோட்டைத் திறப்போம். அதுவரை இரண்டாவது ஆள் கிடைக்காத பென்சில் வரியை அழித்துவிட வேண்டும். பார்த்தவர்தான் தன் கையால் அழிக்க வேண்டும். அழித்தவர் எல்லோருக்கும் இட்லி வாங்கித் தர வேண்டும். வரி மைக்கு ஏறிவிட்டால், பார்த்தவருக்கு மற்றவர்கள் வாங்கித் தர வேண்டும். வாத்தியார் அறிவியல் பாடம் எடுத்தவர். விதியில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மீட்டர் கோவிந்தனுக்கு மின்சாரத் துறையில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை. குட்டையான ஆள், காக்கிச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். வாசலில் நின்று "கரண்டு வந்திருக்கேன்" என்று கூப்பிடுவார். எந்த வீட்டு மரத்தில் என்ன கூடு என்பது வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மீட்டர் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருந்தால் குஞ்சு பறக்கிறவரை பெட்டியைத் திறக்க மாட்டார். "இந்த மாசம் குருவிதான் ரீடிங் எடுக்குது, அது சொன்னா எழுதிக்குறேன்" என்று போய்விடுவார். மேலதிகாரி ஒருமுறை கேட்டதற்கும் அதையே சொன்னாராம்.

பறவைகளுக்கெல்லாம் ஊர்க்காரர்கள் பெயரை வைத்திருந்தார். தண்ணீரில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் மடையான் அவருக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் பியூன். இறக்கையை விரித்து நிற்கும் நீர்க்காகம், ஒரே வேட்டியைத் துவைத்துக் காயவைக்கிறவர். நீளமான சிவப்புக் கால் பவளக்காலிக்கு மதாம், வெள்ளைக்காரச் சீமாட்டி, என்று பெயர். கூட்டமாக இறங்கினால் "மதாமெல்லாம் பூசைக்கு வந்துட்டாங்க, சத்தம் போடாதீங்க" என்பார். நான் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தராக இருந்தேன், ஆகவே எனக்கும் ஒரு பறவை உண்டு. எது என்று இங்கே எழுதப்போவதில்லை.

கடிதத்தின் பின்பக்கத்துக்கு வருகிறேன். அதில் பாய் எழுதியிருந்தது எனக்குப் புதிய செய்தி. நான் ஊரைவிட்டு வந்தபிறகும் மீட்டர் ஒவ்வொரு தை மாதமும் நோட்டை வாங்கி, எழுபத்தேழில் எழுதி அழித்த அதே வரியைப் பென்சிலில் எழுதியிருக்கிறார். நண்டுதின்னி, திருவேட்டக்குடிக் கழி, அதே பழைய தேதி, பார்த்தவர் கோவிந்தன். இரண்டாவது பெயருக்கு இடம் விட்டு எழுதுவாராம். ஒவ்வொரு பங்குனியும் அவரே அழித்து, அவரே இட்லி வாங்கித் தருவாராம். எல்லோருக்கும் இது வருடாந்திர வேடிக்கை. அந்தப் பக்கமே தேய்ந்து மெலிந்துவிட்டதாம்.

போன வருடம் தையில் எழுதினார். மாசியில் போய்விட்டார். அந்தப் பங்குனியில் யாரும் கூடவில்லை. அதனால் அந்த வரி இன்னும் இருக்கிறது.

"விதிப்படி பார்த்தவர்தான் அழிக்கணும். அவரு இல்ல. அதனால செல்லம்மா அக்கா கையால அழிச்சுடலாம்னு வாத்தியார் சொல்றார். அக்காவும் சரின்னுடுச்சு. 'அவரு சிரிச்சுக்கிட்டே அழிப்பாரு, நானும் அழிக்கிறேன்'ன்னு சொல்லுது."

செல்லம்மா அக்கா மீட்டரின் மனைவி.

3

இங்கே நான் ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாரிஸுக்கு வெளியே, ரயிலில் நாற்பது நிமிடம். காலை ஆறு மணி ஷிப்ட். படுக்கை விரிப்புகள் ஒரு பக்கம் வரும், மறுபக்கம் மடிந்து போகும். நடுவில் நான் நிற்கிறேன். பத்து வருடமாகிவிட்டது. வேலையைப் பற்றி ஊரில் யாராவது கேட்டால் 'ஆஸ்பத்திரியில்' என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் அவர்களாக நினைத்துக்கொள்வார்கள்.

மீட்டர் தவறிய செய்தி போன வருடம் வந்தபோது எல்லாம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்து ஒரு நாள் லீவு கேட்டேன். மேற்பார்வையாளர் ஒரு படிவம் கொடுத்தார். இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். பெற்றோர், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"யார் அவர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "பறவை பார்க்கிறவர். அவரோடு நானும் பார்ப்பேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இறந்தது ஆளா, பறவையா?" என்று கேட்டார். கேலி இல்லை. நல்ல மனிதர். நான் சொன்னது அவருக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது. மீட்டர் அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால் இதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் மெஷின் முன்னால் நின்றேன். அன்று விரிப்புகள் வழக்கத்தைவிட அதிகம்.

வருடத்துக்கு ஒருமுறை அவர் எனக்குக் கடிதம் போடுவார். பென்சிலில்தான். "இங்க எல்லாம் வழக்கம்போல. அங்க என்ன குருவி?" என்று இரண்டு வரி. "புறா" என்று பதில் எழுதுவேன். அடுத்த வருடமும் அதையே கேட்பார். நானும் அதையே எழுதுவேன். நண்டுதின்னியைப் பற்றி ஒரு கடிதத்திலும் ஒரு சொல் கிடையாது. வரியை மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்த விஷயத்தையும் சொல்லவில்லை.

4

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற நேஷனாலிட்டி குடும்பம். எங்கள் கல்யாணம் முடிந்த ஆறேழு மாதத்தில் வசந்தாவை அவர் இங்கே அழைத்து வந்துவிட்டார். அவள் அப்போது மூன்று மாதம். குழந்தை இங்கேதான் பிறக்க வேண்டும் என்று மாமனார் பிடிவாதம். நான் பேப்பர் கிடைத்ததும் வர வேண்டும். பாண்டிச்சேரி விசா ஆபீஸில் நேரில் வரச்சொல்லி எனக்கு ஒரு நாள் குறித்திருந்தார்கள். எழுபத்தேழு, தை மாதக் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று முதல் பஸ்ஸில் ஏறினேன். வெள்ளைச் சட்டை, புதுப் பேண்ட், அதற்கென்று வாங்கின பூட்ஸ். பையில் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், மாமனாரின் லிவ்ரே என்கிற பட்டாளப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மூன்று நகல். பஸ் கோட்டுச்சேரி தாண்டியது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவி கூடையோடு இறங்கினாள். நானும் இறங்கிவிட்டேன்.

ஏன் இறங்கினேன் என்று பிற்பாடு பல காரணங்கள் வைத்துப் பார்த்தேன். வேலை, வீடு, ஊர்ப்பாசம். ஒன்றும் பொருந்தவில்லை. பயம், அவ்வளவுதான். மாமனார் வீட்டில் இருந்துகொண்டு, பாஷை தெரியாமல், யாரோ ஒருவரிடம் கைகட்டி நிற்கப் பயம். கர்ப்பிணிப் பெண்டாட்டி அங்கே காத்திருக்கிறாள் என்பது இறங்கும்போது நினைவில் இருந்ததா என்றால், இருந்தது.

நடந்து திருவேட்டக்குடிக்குப் போனேன். கடற்கரைக்குப் பின்னால் கழியோரம் கவிழ்த்துப் போட்டிருந்த கட்டுமரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வாரம் அவருக்கு மீனவர் தெருவில் ரீடிங்.

"என்ன தம்பி, கொக்கு பார்க்குறதுக்குப் பூட்ஸெல்லாம் போட்டுக்கிட்டு?"

அவர் என் கையிலிருந்த பையைப் பார்த்தார். அன்றைக்கு என்ன நாள் என்பது குருவி ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, வந்தது வந்துட்டீங்க. தண்ணி வடியுது, ஏதாச்சும் எறங்கும். பார்ப்போம்."

"பயமா இருக்குண்ணே."

"எனக்குந்தான், நாய் இருக்குற வீட்டுக்குள்ள போவுறப்பல்லாம்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"வெளியில நின்னு கொஞ்ச நேரம் குருவி பார்ப்பேன். அப்புறம் போயிடுவேன். கரண்டு ஆபீஸ் விடுமா?"

அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ஒன்பது ஒன்பதரை இருக்கும். கழியின் எதிர்க்கரைச் சேற்றில் அது வந்து இறங்கியது. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, சாம்பல் நிறத்தில் நீண்ட கால். அலகு மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத தடிமன், கன்னங்கறேல் என்று. நாலு எட்டு ஓடும், நிற்கும், கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். ஒரு நண்டைப் பிடித்து உதறியது. கால்கள் ஒவ்வொன்றாகத் தெறித்து விழுந்தன. பிறகு உடம்பை அப்படியே விழுங்கியது. எங்கள் யாருடைய கண்ணிலும் அதுவரை படாத பறவை. கோடியக்கரைப் பக்கம் வரும் என்று வாத்தியார் புத்தகத்தில் காட்டியிருந்த படம் எனக்கு நினைவுக்கு வந்தது.

மீட்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் பார்த்தோம். அவ்வளவு நேரமும் எனக்குப் பாண்டிச்சேரி நினைவு வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியெல்லாம் எழுதிப் பிரயோஜனம் இல்லை.

பறவை கடல் பக்கம் பறந்து போனதும் அவர், "ரெண்டு பேரு இருக்கோம். நேரா மையிலேயே ஏத்திடலாம்" என்றார்.

"அண்ணே, என் பேரு வேணாம்."

திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியார் நோட்டுல தேதி இருக்கும்ல."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. நான் அன்று பாண்டிச்சேரியில் இருக்க வேண்டியவன். நோட்டு வைத்திருப்பவர் வசந்தாவின் சித்தப்பா. அவர் பார்த்தால் அடுத்த தபாலில் மாமனாருக்குப் போய்விடும்.

"அதுக்கென்ன தம்பி. பென்சில் எதுக்கு இருக்கு" என்று காதிலிருந்து எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

5

அன்று சாயங்காலப் பஸ் வந்து சேருகிற நேரத்துக்கு நானும் ஊருக்குள் வந்தேன். ஃபைல் கிடைக்கவில்லையாம், மறுபடி தேதி போட்டு அனுப்புவார்களாம் என்று வாத்தியார் வீட்டில் சொன்னேன். வசந்தாவுக்கும் அப்படியே எழுதினேன். பாண்டிச்சேரியில் யாரும் எதையும் தொலைக்கவில்லை. என் ஃபைல் என் கையில்தான் இருந்தது. ஆபீஸ்மீது பழி போட்டால் யாரும் சந்தேகப்படுவதில்லை, நானே ஆபீஸில் இருந்தவன் என்பதால் எனக்கு இது தெரியும்.

பங்குனிக் கடைசி ஞாயிறு நோட்டைத் திறந்தார்கள். வாத்தியார் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விசாரித்தார்.

"கோவிந்தன், நீங்க பார்த்தது உள்ளானா இருக்கும்."

"உள்ளானுக்கு அந்த மூக்கு இருந்தா தலகுப்புற விழுந்திருக்கும் சார்."

"கூட யாரு இருந்தா?"

"ஒரு நாய் இருந்துச்சு சார். கேட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாதுன்னுடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீட்டர் ரப்பரை வாங்கி வரியை அழித்தார். தூளை ஊதிவிட்டு, "பறந்துடுச்சு" என்றார். அதற்கும் சிரித்தோம். பிறகு அவர் வாங்கித் தந்த இட்லியை நானும் சாப்பிட்டேன். நாலு இட்லி, கெட்டிச் சட்னி.

இரண்டாவது தேதி வருவதற்கும் நான் வந்து சேர்வதற்கும் எட்டு மாதம் ஆயிற்று. அந்தத் தடவை பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. நான் வந்தபோது மகள் அமுதாவுக்கு நாலு மாதம். விமான நிலையத்தில் என்னிடம் நீட்டினார்கள். என்னைப் பார்த்து அழுதது, திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

'தொலைந்துபோன ஃபைல்' எங்கள் குடும்பக் கதையாகிவிட்டது. இங்கே தமிழர்கள் கூடுகிற இடமெல்லாம், பொங்கலுக்கு வாடகை ஹாலில், யாராவது வீட்டுச் சடங்கில், வசந்தா சொல்வாள். "இவங்க ஃபைலைத் தொலைச்சுட்டானுங்க. என் பொண்ணு பொறந்து நாலு மாசம் கழிச்சுத்தான் அப்பா மூஞ்சியப் பார்த்தா." கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவரவர் ஆபீஸ் கதையைச் சொல்வார்கள். ஒரு நகல் குறைந்ததற்காக மூன்று முறை நடந்தது, பெயரில் ஒரு எழுத்து மாறியதற்காக ஒரு வருடம் போனது. நான் தலையாட்டிக்கொண்டு நிற்பேன். பதினோரு வருடத்தில் நன்றாகப் பழகிவிட்டது.

6

இப்போது என்ன செய்வது என்பதுதான் விஷயம். பாய் கேட்டபடி கதையை எழுதி அனுப்பியிருக்கலாம். நாய் சாட்சி, உள்ளான் மூக்கு, பறந்துடுச்சு. எல்லாம் தயாராக இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள். பிறகு செல்லம்மா அக்கா ரப்பரை எடுத்து, தன் புருஷன் உண்மையாகவே பார்த்த ஒன்றைத் தன் கையால் அழித்துவிடுவார். அதோடு முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதினோரு தடவை அவர் எழுதியதை வேடிக்கை என்று நினைத்தீர்கள். எனக்காக இடம் போட்டு வைத்திருந்திருக்கிறார், பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பது போல.

மலர் ஊருக்கு வந்தால் வாத்தியார் படிப்பார். வாத்தியார் படித்தால் வசந்தாவுக்கு வந்துவிடும். ஆகவே அவளுக்கு நான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தோசைக்கு மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். பஸ், பூட்ஸ், கழி, பறவை எல்லாவற்றையும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் மிக்ஸியை மறுபடி போட்டாள். அது ரொம்ப நேரம் ஓடியது. நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில ஃபாரம் எழுதினாங்க. புள்ளைக்கு அப்பா எங்கன்னு கேட்டாங்க. ஃபைல் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேன். அந்த நர்ஸுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாந்தான் அதுக்குச் சமாதானம் சொன்னேன்."

மாவை வழித்துப் பாத்திரத்தில் ஊற்றினாள்.

"இத்தனை வருசமா நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டுறீங்க."

"ஆமா."

அதற்குப் பிறகு மூன்று நாள் தேவையான பேச்சு மட்டும். சாவி எங்கே, ரொட்டி தீர்ந்துவிட்டது. எனக்கும் அது கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. அமுதாவுக்குப் பத்து வயது. நாங்கள் பேசுகிற தமிழ் முழுக்க அவளுக்குப் புரியும், பதில் மட்டும் பிரெஞ்சில் வரும். புரியாது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் அவள் முன்னால் எல்லாவற்றையும் பேசிவிடுகிறோம். நான் ஷிப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"நான் பிறந்தபோது நீ பறவை பார்த்துக்கொண்டிருந்தாயா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்ல. அது அதுக்கு முன்னாடி."

"ஆனால் பறவை பார்த்ததால்தான் நீ வரவில்லை."

"வர்றதுக்குப் பயந்தேன். அதனாலதான் வரல. பறவை பிற்பாடு வந்துச்சு."

நான் கழற்றிய ஷூவை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். பிறகு, "என்ன நிறம்?" என்றாள்.

வெள்ளை, முதுகில் கறுப்பு என்று தமிழில் சொன்னேன். அலகை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரிகிற வார்த்தை கிடைக்காமல் விரலை மூக்கின்மேல் வைத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவள் மனதில் என்ன என்று எனக்குத் தெரியாது. வெகுநாளாகவே தெரியாது.

ராத்திரிச் சாப்பாடு எடுத்துவைக்கும்போது வசந்தா கேட்டாள்.

"லெட்டர் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"பங்குனி முடிய எத்தனை நாள் இருக்கு?"

"மூணு வாரம் சொச்சம்."

"தபாலு பத்து பன்னெண்டு நாள் எடுத்துக்கும். அந்தக்கா பாட்டுக்கு அழிச்சுடப்போவுது. சீக்கிரம் எழுதுங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க" என்றாள்.

"நெனைக்கல."

"சித்தப்பாவுக்கும் தெரியட்டும். எல்லாத்தையும் எழுதுங்க. எனக்காக எதையும் குறைச்சு எழுதவேணாம்."

7

எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. எழுதினால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு ஆறு மணி ஷிப்ட்.

ஹமீது பாய், இதை மலரில் போட்டாலும் போடாவிட்டாலும் சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துவிடுங்கள். செல்லம்மா அக்காவை முன்னால் உட்காரவையுங்கள். ரப்பரை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

வாத்தியார் சார், உங்கள் விதி அப்படியே இருக்கட்டும். நான் அதை மீறச் சொல்லவில்லை. இரண்டு பேர் பார்த்தால் மையில் எழுதலாம் என்பதுதான் விதி. இரண்டாவது ஆள் வருவதற்குப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. முதல் ஆள் அதுவரை இடம் வைத்திருந்தார். பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் எழுதுங்கள். பக்கம் மெலிந்திருக்கிறதாம், அழுத்தாமல் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் விதிப்படி இட்லி நீங்கள்தான் வாங்க வேண்டும். வாங்கி அக்காவிடம் கொடுங்கள்.

நண்டுதின்னி. ஒன்று. திருவேட்டக்குடிக் கழி, எதிர்க்கரை, தண்ணீர் வடிகிற நேரம். தேதி கோவிந்தன் எழுதியிருக்கிறார், அது சரியான தேதிதான். கால் மணி நேரம் பார்த்தோம். உள்ளான் இல்லை.

அன்று அவர் பக்கத்தில் நாய் எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

பார்த்தவர்கள்: கோவிந்தன், சிவராமன்.